எலி வருவது கோழிக்காக அல்ல

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் பயந்து கூண்டுக்குத் தாழ் போடுகிறார்கள். தாழ்ப்பாளைச் சட்டையே செய்யாத ஆள் ஒன்று உண்டு. தீவன மூட்டை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். அடைக்கு வைத்த முட்டைகளில் இரண்டு குறையும். விடிந்து பார்த்தால் குஞ்சு ஒன்று காலில்லாமல் கிடக்கும். சுவரோரம் புது மண் குவிந்திருக்கிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம், எலிதான்.

உடனே எல்லாரும் ஓடுவது எலி மருந்து வாங்க. தப்பு அங்கேதான் தொடங்குகிறது. எலி கோழியைத் தேடி வருவதில்லை. கோழிக்கு வைத்த தீவனத்தைத் தேடி வருகிறது. முட்டையும் குஞ்சும் வந்த இடத்தில் அதற்குக் கிடைத்த உபரி. இது பிடிபட்டால் செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாகத் தாமே விளங்கும்.

வந்தது யார்?

கூண்டுக்கு வருவது ஒரே வகை எலி அல்ல. கூரைவழியாக இறங்குவது வீட்டெலி. உடம்பைவிட வால் நீளம், ஏறுவதில் கெட்டி. ஓலைக்கூரை, பரண், தென்னங்கொண்டை எல்லாம் அதன் குடியிருப்பு. மண்ணைக் குடைந்து வருபவை பெருச்சாளியும் அதன் சின்ன உறவான வயல் எலியும். வளை வாயில் மண் மேடு கண்டால் இவற்றின் வேலை. முழு வளர்ச்சி அடைந்த பெருச்சாளி ஒரு கிலோ எடையைக்கூட நெருங்கும். குஞ்சு காணாமற்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். சுண்டெலிக்குத் தீவனம் போதும்.

இவற்றோடு சேர்ந்து வீணாக அடிபடுகிற அப்பாவி ஒன்று உண்டு: மூஞ்சூறு. கூர்மூக்கும் கீச்சுக்குரலும் ஒரு மாதிரி நாற்றமும் கொண்ட இது எலிக் குடும்பமே அல்ல. கரப்பானும் பூச்சியும்தான் இதன் முக்கிய உணவு.

பல்லும் மண்டை ஓடும்

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல் பூச்சு. அதில் இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் எலியின் பல் மஞ்சளாக, சில சமயம் ஆரஞ்சு நிறமாகத் தெரிகிறது. பின்பக்கம் சற்று மென்மையானது, சீக்கிரம் தேயும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் வேகமாகத் தேய்வதால், கொறிக்கக் கொறிக்கப் பல்நுனி உளிபோலத் தீட்டப்படுகிறது. முன்பற்களுக்குப் பின்னால் ஓர் இடைவெளி உண்டு. கொறிக்கும்போது உதட்டின் ஓரங்கள் அந்த இடைவெளியில் மடிந்து வாயை அடைத்துவிடும். மரத்தூளும் பிளாஸ்டிக் துருவலும் தொண்டைக்குள் போகாமல் மணிக்கணக்கில் அது கொறிப்பது இப்படித்தான். பலகை, பிளாஸ்டிக் டப்பா, களிமண் சுவர், பொக்கையான சிமென்ட் பூச்சு எதுவும் அதற்குத் தடையல்ல. இரும்புதான் தடை.

இன்னொன்று, மண்டை ஓடு நுழைகிற சந்தில் உடம்பும் நுழைந்துவிடும். இளம் எலிக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேலான ஓட்டையே போதும். சுண்டெலிக்கு அதில் பாதி. கடையில் 'கோழிவலை' என்று விற்கிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும். எலியை வெளியே வைக்காது.

எல்லாம் நடப்பது இரவில். மங்கிய ஒளியில் கோழியின் கண் சரியாக வேலை செய்யாது. பரணில் ஏறி உட்கார்ந்தால் விடியும்வரை அசையாது. விரலைக் கடித்தாலும் எங்கே ஓடுவதென்று தெரியாது. எலிக்கோ வெளிச்சம் அவசியமே இல்லை. மீசை மயிரைச் சுவரில் உரசியபடி, மோப்பம் பிடித்து ஓடிவிடும். அது நடு முற்றத்தில் ஓடாமல் சுவரையே ஒட்டி ஓடுவதற்குக் காரணம் இதுதான். சுவரடியில் எண்ணெய்ப் பிசுக்குப்போல ஒரு கறுப்புக் கோடு இருந்தால் அது எலியின் அன்றாட வழி.

கொன்று தீராத கணக்கு

பெண் எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டிகள். ஈன்ற ஒரு நாளிலேயே மறுபடி சினை பிடிக்கும். குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். பத்தில் ஐந்தைக் கொன்றால், மீதி ஐந்துக்கு இரட்டிப்புச் சாப்பாடு கிடைக்கிறது. குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. பழைய எண்ணிக்கை திரும்பிவிடுகிறது.

இதை முறையாக ஆராய்ந்த ஊர் அமெரிக்காவின் பால்டிமோர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் ரிக்டர் புதிய எலி நஞ்சு ஒன்றைக் கண்டுபிடித்து ஊரெங்கும் வைத்தார். எலிகள் செத்தன, பிறகு திரும்பி வந்தன. அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் டேவிஸ் வேறு வழியில் யோசித்தார். ஒரு தெருவில் எத்தனை எலி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அங்குள்ள உணவும் ஒளிவிடமும்தான். அவற்றைக் குறைத்தால் எலி குறையும், குறைந்தே இருக்கும் என்று காட்டினார். நஞ்சினால் குறைந்த எண்ணிக்கை சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது. நம் கோழிக்கூண்டுக்கும் இதே விதிதான்.

வீட்டுக் கணக்கும் ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஓர் எலி நாளுக்குச் சுமார் 25 கிராம் தின்னும். பத்து எலி என்றால் 250 கிராம். மாதத்துக்கு ஏழரைக் கிலோ. வளர்ந்த நாட்டுக்கோழி நாளுக்கு 80 கிராம் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், முட்டையிடாத மூன்று கோழிகளுக்குத் தண்டமாகத் தீனி போடுகிறோம். எலி கழிந்து கெடுக்கிற தீவனம் தனி.

முதலில் தீவனம்

மூட்டையை அப்படியே மூலையில் சாய்த்து வைப்பதை நிறுத்துங்கள். இறுக்கமான மூடியுள்ள தகர டின்னோ இரும்பு டிரம்மோ வேண்டும். கோழி அரை மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவே ஒரு வேளைக்கு வையுங்கள். கோழி அடைந்ததும் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். சிந்திய கம்பு, குருணையைக் கூட்டி அள்ளுங்கள். முட்டையை மாலைக்குள் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஒளிவிடம். கூண்டை ஒட்டிய விறகு அடுக்கு, மட்டைக் குவியல், உடைந்த ஓடு, புதர் எல்லாம் எலிக்கு மாளிகை. அவற்றை அகற்றினால் இன்னொரு நன்மையும் உண்டு. எலி வளையில் பாம்பு குடியேறும். எலியைத் தேடி வருகிற சாரையும் நல்லபாம்பும் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை.

மூன்றாவது கூண்டு. அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்ஷை நாலு பக்கமும் அடியுங்கள். கீழ்விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து, ஓர் அடி அகலத்துக்கு மண்ணுக்குள் படுக்கவையுங்கள். எலி சுவரடியில்தான் தோண்டத் தொடங்கும். கம்பி தட்டுப்பட்டால் ஓரடி பின்னால் போய் மறுபடி தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. கால் வைத்த கூண்டாக இருந்தால் ஒவ்வொரு காலிலும் வழவழப்பான தகரம் சுற்றுங்கள். தென்னையில் எலி ஏறாமலிருக்க மரத்தைச் சுற்றித் தகரப்பட்டை அடிப்பார்கள் அல்லவா, அதே உத்திதான். கூரைமேல் சாய்ந்த கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.

பொறியும் நஞ்சும்

இவ்வளவும் செய்த பிறகே பொறி. எலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கும் சுபாவம் உள்ளது. ஆகவே முதல் சில நாள் பொறியை விசை ஏற்றாமல், வடைத்துண்டோ கருவாடோ சுட்ட தேங்காயோ வைத்துப் பழக்குங்கள். பிறகு விசை ஏற்றுங்கள். இடம்தான் முக்கியம். காவிரிப் படுகையில் எலி பிடிப்பவர்கள் எலித்தடம் பார்த்துத்தான் மூங்கில் கிட்டியை வைப்பார்கள். நீங்களும் சுவரோரக் கறுப்புக் கோட்டின்மேல், கோழி தலை நுழையாத பெட்டிக்குள் வையுங்கள்.

நஞ்சைப் பொறுத்தவரை ஒன்று நினைவிருக்கட்டும். எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால் புது உணவை முதலில் துளி கொறித்துப் பார்க்கும். வயிற்றைப் புரட்டினால் அந்தப் பக்கம் மறுபடி வராது. துத்தநாக பாஸ்பைடு வைப்பவர்கள் முதலில் நஞ்சில்லாத இரையை வைத்துப் பழக்குவது இதற்காகத்தான். அந்த நஞ்சு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகிக் கொல்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. தானியத்தில் கலந்து வைப்பதால் கோழியும் அதைக் கொத்தும். புரோமடையலோன் ரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு. தின்ற எலி சில நாள் கழித்தே சாகும். அதற்குள் அதைப் பிடித்துத் தின்கிற கூகைக்கும் பூனைக்கும் நாய்க்கும் ஆபத்து. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனித ஈரலையே அழிக்கும்; தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை உண்டு. கோழிக் கொல்லையில் நஞ்சு வைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

பூனையையும் பெரிதாக நம்ப வேண்டாம். நியூயார்க்கில் கழிவு மறுசுழற்சி நிலையம் ஒன்றில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. 79 நாட்களில் பூனைகள் கொன்றவை இரண்டே எலிகள். எலிக்குஞ்சையும் சுண்டெலியையும் பூனை பிடிக்கும். வளர்ந்த எலியோடு பெரும்பாலும் வம்புக்குப் போகாது.

காலில் செருப்பு

எலியின் சிறுநீர் பட்ட ஈர மண்ணில் எலிக்காய்ச்சல் கிருமி உயிரோடு இருக்கும்; காலில் சின்னக் கீறல் போதும், உடம்புக்குள் புகுந்துவிடும். எலிப்புழுக்கை தீவனத்தில் விழுந்தால் சால்மோனெல்லா கோழிக்கும், கோழியிலிருந்து முட்டைக்கும் போகலாம். கூண்டைக் கழுவும்போது செருப்பும் கையுறையும் அவசியம். காய்ந்த புழுக்கையைக் கூட்டித் தூசி கிளப்பாமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்த பின் அள்ளுங்கள். அதன்பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி நடமாட்டத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் இன்று மாலையே ஒன்று செய்யுங்கள். கோழி அடைந்ததும் தீவனத் தட்டை எடுத்து, மூடியுள்ள டின்னில் கொட்டி, தரையைக் கூட்டிவிடுங்கள். ஒரு மாதம் தவறாமல் இதைச் செய்தால், மெஷ்ஷுக்கும் பொறிக்கும் மிச்சமிருக்கிற வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.