பிள்ளையின் கூச்சமும் அப்பாவின் பங்கும்



ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போது, "சாமிக்குத் தோத்திரம் சொல்லு" என்று அம்மா தூண்ட, சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளை நாம் வாரந்தோறும் பார்க்கிறோம். "இவன் ரொம்ப வெட்கப்படுவான் சாமி" என்று அம்மாவே பதிலும் சொல்லிவிடுவார். அப்பா அதற்குள் வண்டியைக் கிளப்பியிருப்பார்.

கூச்சம் எல்லாம் நோயல்ல. ஆனால் விடை தெரிந்தும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, உறவினர் வீட்டுத் திருமணம் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளை, எல்லோரும் தன்னை எடைபோட்டுச் சிரிப்பார்கள் என்று நடுங்குகிறது. இதனைச் சமூக அச்சம் என்கிறார்கள். நாமோ, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடத்தில், இதை 'அடக்கம்' என்று பாராட்டிவிடுகிறோம்.

பிறவி இயல்புக்கும் இதில் பங்குண்டு. ஆகவே பெற்றோரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. ஆனாலும் பிள்ளை நம் முகத்தைப் படித்துத்தான் உலகைப் படிக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், தாய்மார் அறிமுகமற்ற ஒருவரிடம் ஒருமுறை இயல்பாகவும் மறுமுறை பதற்றப்படுவதுபோல் நடித்தும் பேசினார்கள். தாயின் பதற்றத்தைக் கண்ட பிறகு, ஒரு வயதையொட்டிய அந்தக் குழந்தைகள் அதே ஆளைக் கண்டு அதிகம் அஞ்சின.

அப்பாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சூசன் போகெல்ஸ் என்ற உளவியலாளர் இதையே ஆராய்ந்தார். அவரும் பொருளியலாளர் பெரோட்டியும் 2011-இல் முன்வைத்த கருத்து இது: மனித வரலாற்றில் தாய் பெரும்பாலும் ஊட்டுவதையும் ஆற்றுவதையும், தந்தை வெளியாரை எதிர்கொள்வதையும் கவனித்து வந்தனர். ஆகவே 'வெளியே போனால் ஆபத்தா?' என்ற கேள்விக்கு, பிள்ளை தந்தையின் முகத்தில் விடை தேடுகிறது. அதே ஆண்டின் மற்றோர் ஆய்வில், சமூக அச்சம் மிகுந்த சிறுவர் சிறுமியர் தாயைவிடத் தந்தையின் எதிர்வினைக்கே கூடுதல் எடை கொடுத்தனர்.

2014-இல் அக்குழுவினர் இன்னொன்றையும் கண்டனர். கட்டிப் புரண்டு விளையாடுவது, ஓட்டப் பந்தயம் விடுவது, 'நீயே போய்க் கேள்' என்று உற்சாகப்படுத்துவது ஆகியவற்றைச் செய்யும் தந்தையரின் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பிற்பாடு சமூக அச்சம் குறைந்திருந்தது. தாய்மாரிடம் இதே பழக்கம் எதிர்விளைவோடு சேர்ந்து காணப்பட்டது. ஆனால் 2017-இல் வெளியான, நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த பெரியதோர் ஆய்வில், தாய் செய்தாலும் தந்தை செய்தாலும் பிள்ளையின் அச்சம் குறைவாகவே இருந்தது. கணவரை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியே பிள்ளை வளர்க்கும் சகோதரிகளும், கணவரை இழந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இது தகப்பனுக்கு மட்டுமே பூட்டி வைக்கப்பட்ட வரம் அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வுகள் பேசுவது விளையாட்டான தூண்டுதலைப் பற்றி. நம் அப்பாக்கள் பலர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்கிறோம். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று விருந்தினர் முன் அதட்டுவதும், சித்தப்பா மகனோடு ஒப்பிடுவதும் தூண்டுதல் அல்ல. எவர் முன்னும் அவமானப்படுவோம் என்று ஏற்கெனவே அஞ்சும் பிள்ளைக்கு, அந்த அச்சம் சரிதான் என்று நாமே சான்று கொடுக்கிறோம். கொலோசையர் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும்போது 'பெற்றோர்' என்று சொல்லும் கிரேக்க மூலம், பிள்ளைகளை எரிச்சலூட்டி மனந்தளரச் செய்யாதீர்கள் என்னும் அடுத்த வசனத்தில் 'தந்தையர்' எனப் பொருள்படும் சொல்லுக்கு மாறுகிறது. மாற்றம் தற்செயலாகத் தோன்றவில்லை.

சிறிதாகத் தொடங்குவோம். கடையில் காசைப் பிள்ளையே கொடுக்கட்டும். அடுத்த வாரம் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கட்டும். பிறகு அன்பியக் கூட்டத்தில் ஒரு மன்றாட்டு வாசிக்கட்டும். திணறினால் அம்மா உடனே முந்திக்கொண்டு சொல்லிவிடாமல், பத்து நொடி பொறுத்துப் பார்க்கட்டும். அப்பா தள்ள, அம்மா இழுக்க என்று பிள்ளை முன்னால் சண்டை வேண்டாம்; இரவில் இருவரும் பேசி முடிவெடுக்கலாம்.

பள்ளிக்கே போக மறுக்குமளவு அச்சம் முற்றியிருந்தால், செபிக்கக் கூட்டி வாருங்கள். அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். அஞ்சும் சூழலைப் படிப்படியாகச் சந்திக்கப் பழக்கும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.