அரைக் கிணறு தாண்டும் அறுவை

அரைக் கிணறு தாண்டினால் உள்ளேதான் விழவேண்டும் என்பது நம் ஊர்க் கணக்கு. அறுவை மருத்துவர்களும் நெடுங்காலம் இதே கணக்கில்தான் இருந்தார்கள். அடிபட்டவரின் வயிற்றைத் திறந்துவிட்டால் கிழிந்த கல்லீரலைத் தைத்து, அறுந்த குடலை இணைத்து, கழுவி, மூடித் தைத்த பிறகே கையுறையைக் கழற்ற வேண்டும். ஐந்து மணி நேரம் ஆனாலும் சரி. பாதியில் நிறுத்துவது கைத்திறன் போதாதவர் வேலை.

‘ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்’ என்று நாம் சிரிக்கும் ஜோக் விபத்துப் பிரிவுகளில் பல நேரம் நிஜமாகவே நடந்தது. தையல் எல்லாம் பிசகில்லாமல் இருக்கும், ஆள் ஐ.சி.யு.வில் இறந்துபோவார். ஏன்?

உடலைச் சூடாக வைத்திருப்பது ரத்தம் கொண்டுபோகும் ஆக்சிஜன். ரத்தம் கொட்டினால் அந்த அடுப்பு தணிகிறது. திறந்த வயிறும் தியேட்டரின் ஏ.சி.யும் குளிர்ந்த சலைனும் மிச்சச் சூட்டையும் இழுத்துக்கொள்கின்றன. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் 37 டிகிரியில் வேலை செய்யப் பழகியவை. 34க்குக் கீழே போனால் சோம்பிவிடும். ஆக்சிஜன் கிடைக்காத திசுக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்க, அதுவும் உறைதலைக் கெடுக்கிறது. உறையாத ரத்தம் மேலும் கொட்டுகிறது, உடல் மேலும் குளிர்கிறது. குளிர், அமிலம், உறையாமை என்ற இந்த மூன்றின் கூட்டுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘மரண முக்கோணம்’. அந்தக் கட்டத்தில் தைக்க ஓட்டை எதுவும் இருக்காது. ஊசி குத்திய இடத்திலிருந்தெல்லாம் ரத்தம் கசியும். எவ்வளவு கெட்டிக்காரக் கையானாலும் கசிவைத் தைக்க முடியாது.

இதை எண்ணிக்கையோடு எடுத்துக்காட்டியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்லன் ஸ்டோன். 1983இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரை, அறுவை நடக்கும்போதே ரத்தம் உறையாமல் போன 31 பேரைப் பற்றியது. வழக்கப்படி அறுவையை முழுதாக முடித்த 14 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். அடுத்த 17 பேருக்கு வேலையைப் பாதியில் நிறுத்தி, துணிகளை அடைத்து, வயிற்றை மூடிவிட்டார்கள். ரத்தம் உறையத் தொடங்கிய பிறகு மறுபடி திறந்து மிச்சத்தை முடித்தார்கள். 11 பேர் பிழைத்தார்கள்.

பத்தாண்டு கழித்து ஃபிலடெல்ஃபியாவில், துப்பாக்கிக் குண்டுகளோடு தினமும் மல்லுக்கட்டிய ரோட்டாண்டோ, ஷ்வாப் குழுவினர் இந்த முறைக்கு அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஒரு பெயரை எடுத்தார்கள்: ‘டேமேஜ் கண்ட்ரோல்’. நடுக்கடலில் கப்பலில் ஓட்டை விழுந்தால் யாரும் அங்கேயே புதுத் தகடு அடித்துப் பெயின்ட் பூசுவதில்லை. கையில் கிடைத்ததை வைத்து அடைத்து, மூழ்காமல் துறைமுகம் சேர்ப்பார்கள், பழுதெல்லாம் அங்கே. 1993இல் அவர்கள் ஆராய்ந்த 46 பேரை மொத்தமாகப் பார்த்தால் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை. மிக மோசமாகச் சிதைந்த 22 பேரை மட்டும் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: முழு அறுவை செய்த 9 பேரில் 1 பிழைப்பு, பாதியில் நிறுத்திய 13 பேரில் 10.

இன்று இது மூன்று கட்ட வேலை. முதல் கட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். ரத்தம் கொட்டும் குழாயை இறுக்கு, கல்லீரலைச் சுற்றித் துணி அடை, கிழிந்த குடலின் முனைகளைக் கட்டிவிடு, வெளியே வா. குடலை இணைப்பதெல்லாம் இப்போது இல்லை. இரண்டாவது, ஐ.சி.யு.வில் ஒன்றிரண்டு நாள்: சூடேற்றல், ரத்தம், மூச்சுக்கு இயந்திரம். மூன்றாவதாக மறுபடி தியேட்டர்.

ஸ்டோன் குழு செய்ததுபோல் நடுவில் வயிற்றை மூடவும் கூடாது. வீங்கும் குடலை இறுக்கித் தைத்தால் உள்ளழுத்தம் ஏறி சிறுநீரகம் நின்றுபோகும், நுரையீரல் விரியாது. 1984இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஓஸ்வால்டோ பொர்ராயஸ் என்ற இளம் மருத்துவர் இதற்குக் கண்ட வழி, சலைன் பை. கிருமி நீக்கிய பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்து, திறந்த வயிற்றின் ஓரங்களில் தைத்துவிட்டார். விலை சொற்பம்; உள்ளே நடப்பதும் கண்ணாடியில் போலத் தெரியும். ‘பொகோட்டா பை’ என்ற பெயரோடு அது உலகமெல்லாம் போனது.

மருந்து விஷயத்திலும் இப்படி ஒரு எளிய பொருள். ஜப்பானிய மருத்துவர் உடாகோ ஒகாமோட்டோ, பிரசவ ரத்தப்போக்கில் பெண்கள் சாவதைத் தடுக்க 1962இல் கணவரோடு சேர்ந்து உருவாக்கியது டிரானெக்சாமிக் அமிலம். மாதவிடாய் மிகுதிக்கு மாத்திரை வாங்கியவர்கள் பலருக்கு இது பழகிய பெயர். இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,000க்கும் அதிகமான காயம்பட்டவர்களிடம் சோதித்து 2010இல் முடிவு வந்தது: இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதித்தால் கெடுதல்கூட உண்டு.

புதிய கருவி எல்லாம் இப்படிக் கைகொடுப்பதில்லை. தமனிக்குள் பலூனை ஊதிக் கீழ்ப்பகுதி ரத்தத்தை அடைக்கும் முறை கொரியப் போரிலேயே முயலப்பட்டு, அண்மையில் மறுபடி பிரபலமானது. பிரிட்டனில் 90 பேரிடம் செய்த சோதனை முடிவு 2023இல் வந்தது. பலூன் வைத்தவர்களில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள், வைக்காதவர்களில் 42.

பாதியில் நிறுத்துவதும் இலவசமல்ல. திறந்தே கிடந்த வயிற்றில் குடல் புழை விழலாம், பின்னால் குடலிறக்கம் வரலாம். இப்போது சலைனைக் குறைத்து, சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் ஏறத்தாழ சம அளவில் ஏற்றுவதால் பலர் முக்கோணத்துக்குள் சிக்குவதே குறைந்திருக்கிறது. அப்படிச் சிக்காதவர்களுக்குப் பழையபடி ஒரே அறுவை போதும். யாருக்கு எது என்று, மேஜைமேல் ரத்தம் ஓடும்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வயிற்றுக்குள் துணியை மறந்து தைத்துவிட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி படிக்கிறோமே, இங்கே அது தெரிந்தே வைப்பது. எத்தனை துணி உள்ளே என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு தனி நூல் ஓடும். மூன்றாம் கட்டத்தில் நர்ஸ் ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுத்து வைப்பார். எண்ணிக்கை சரியாகவே வந்தாலும், கடைசித் தையலுக்கு முன் பல இடங்களில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.