காருக்கும் மூக்கு உண்டு!

எங்க சித்தப்பா தன் பழைய மாருதி 800-ல் ஏர் பில்டர் டப்பாவைக் கழட்டிட்டு, கூம்பு பில்டர் மாட்டப் போறாராம். 'சும்மா சீறும்'கிறார். சத்தம் சீறும், சரி. பவர்?

அது 796 சி.சி. இன்ஜின். 3000 சுற்றில் முழுசா மிதிச்சா, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1200 லிட்டர் காற்று இழுக்கும். பானெட்டுக்குள் திறந்து கிடக்கிற பில்டருக்குக் கிடைப்பது சூட்டுக் காற்று. அதில் அடர்த்தி கம்மி, ஆக்சிஜனும் கம்மி.

அதைவிட நம்ம பரளச்சிக் கரிசல் புழுதி! மட்டமான பில்டர் என்றால் நுண்ணிய மண் உள்ளே புகுந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். அப்புறம் ஆயில் எரிந்து நீலப் புகைதான்.

உழவு டிராக்டர்கள் பலவற்றில் காற்று எண்ணெய்க் கிண்ணத்தில் மோதி, தூசியை அங்கேயே விட்டுட்டுத்தான் இன்ஜினுக்குப் போகும். புழுதிக்காட்டுக்கென்றே செய்த மூக்கு!

எல்லாம் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பா இன்னும் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.