ஆலய நிழலில் ஆறடி நிலம்

இங்கிலாந்தின் கிராமப் பங்கு ஒன்றில் வாழ்ந்தவருக்கு, அந்தப் பங்கின் ஆலய வளாகத்திலேயே அடக்கம் பெறும் உரிமை மரபுச் சட்டப்படி உண்டு. எந்த இடத்தில் என்பதில்தான் மேல், கீழ் புகுந்தது. நிலக்கிழார்கள் ஆலயத்துக்குள்ளேயே, பலிபீடத்தை ஒட்டி இடம்பிடித்தார்கள். வெளியே, வெயில் படும் தெற்குப் பக்கத்தையே பலரும் விரும்பினார்கள். ஆலயத்தின் நிழல் விழும் வடக்குப் பக்கம் பல ஊர்களில் அந்நியருக்கும், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் போயிற்று. தலை மேற்கே, கால் கிழக்கே என்ற கிடத்தும் முறை மட்டும் பெரும்பாலும் எல்லாருக்கும் பொது. உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழ வேண்டும் என்பது நம்பிக்கை.

ஏழைக்குச் சொந்தச் சவப்பெட்டி கிடையாது. பங்குக்குப் பொதுவான பெட்டியில் உடலைக் குழிவரை சுமந்து, துணி சுற்றியபடியே இறக்கிவிட்டு, பெட்டியை அடுத்தவருக்காகத் திரும்பக் கொண்டுபோவார்கள்.

அந்தத் துணியிலும் அரசு தலையிட்டது. உள்நாட்டுக் கம்பளித் தொழிலைக் காக்க 1666இலும், இன்னும் கடுமையாக 1678இலும் சட்டங்கள் வந்தன. பிணத்துக்குக் கம்பளித் துணி மட்டுமே போர்த்த வேண்டும். எட்டு நாளுக்குள் அதற்குச் சத்தியப் பத்திரம் தர வேண்டும். தவறினால் ஐந்து பவுண்டு அபராதம். பாதி ஏழைகளுக்கு, பாதி துப்புக் கொடுத்தவருக்கு. வசதியுள்ளவர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு லினன் துணியிலேயே புதைத்தார்கள். கொள்ளைநோயில் இறந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. 1814இல்தான் சட்டம் நீங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சாதாரண மக்களுக்குப் பெயர் பொறித்த கல் நடுவது 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே பரவிற்று. அதுவரை அடையாளமில்லாத பழைய குழிகளை மறுபடி தோண்டுவது வழக்கம். நூற்றாண்டுக்கணக்கில் ஒரே மண்ணில் புதைத்ததால் பல வளாகங்கள் மேடிட்டன. ஆலயமே பள்ளத்தில் இறங்கியதுபோல் தோன்றுவது அதனால்தான்.

தற்கொலை செய்துகொண்டவர் என்று விசாரணையில் தீர்ப்பானவரை நாற்சந்தியில், சில சமயம் உடலில் முளை அடித்துப் புதைத்தார்கள். 1823ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை ஆலய வளாகத்துக்குள் விட்டது. ஆனால் இரவு 9 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில், சமயச் சடங்கு இல்லாமல். இந்த இரவுக் கட்டுப்பாடு 1882வரை நீடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1880இல், பாப்திஸ்து, மெதடிஸ்து முதலிய பிற சபையினர் பங்குக் கல்லறையில் தங்கள் முறைப்படியே அடக்கம் செய்ய அனுமதி பெற்றிருந்தார்கள்.