சிகிச்சை முடிந்தும் அசதியா? கொஞ்சம் நடங்க!

புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சு மாசக்கணக்காகியும் அசதி போகலையா? அது சோம்பேறித்தனம் இல்லை, சிகிச்சையின் பின்விளைவு. இளம் வயதினருக்கும் வரும். ‘நல்லா ரெஸ்ட் எடு’ என்பார்கள் வீட்டில். ஆனால், படுத்தே இருந்தால் தசை வலுவிழந்து அசதி இன்னும் கூடும்.

ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவரா நீங்கள்? தறி மிதித்தாலும் அது உட்கார்ந்த வேலைதான். நடை தனியாக வேண்டும்.

வாரம் 3 நாள், 30 நிமிட நடை. 2 நாள் தசைப் பயிற்சி. 2019-ல் பன்னாட்டு நிபுணர்கள் பரிந்துரைத்த அளவு இது. முதல் நாள் 5 நிமிடம் போதும், மெல்லக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாட்டாலும் அசதி வரும். சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பாதிக்கலாம். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். விவரத்துக்கு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104-க்கும் போன் செய்யலாம்.