நஞ்சுக்கொடியிலும் புற்றிலும் ஒரே புரதம்

நம் சரீரத்தைக் காத்துநிற்கும் உயிரணுக்கள் சொந்தத் திசுக்களையே தாக்கிவிடாதபடி அவற்றை நிறுத்திவைக்கும் சமிக்ஞைகளுள் ஒன்று, பிடி-எல்1 என்னும் புரதம். அது சரீரத்தில் எங்கெங்கே உறைகிறது என்றறிய, விஞ்ஞானிகள் திசுவை மயிரிழையினும் மெல்லிய சீவல்களாக அரிந்து, அப்புரதத்தை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளை இட்டு, பற்றிய இடம் பழுப்பு நிறமாகத் துலங்கும்படி செய்து, நுண்ணோக்கியில் நோக்குகிறார்கள்.

ஆரோக்கியமான திசுக்களில் பெரும்பாலானவற்றில் அந்நிறம் தோன்றுவதில்லை. ஆனால் நஞ்சுக்கொடியில் அது செறிந்து விளங்குகிறது. தந்தையின் கூறுகளையும் தாங்கி வளரும் சிசுவைத் தாயின் காவலணுக்கள் அந்நியமெனத் தாக்காதிருக்க இப்புரதமும் துணைபுரிவதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுவதை நினைக்குந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது. அத்தகைய உபாயத்தையே நுரையீரல், தோல் முதலியவற்றில் எழும் புற்றுக்கட்டிகள் பலவும் கைக்கொண்டு, தம்மை அழிக்கவரும் அணுக்களைச் செயலிழக்கச் செய்வது எவ்வளவு கொடிது!

நுரையீரல் புற்றுநோயின் ஒரு பெரும் வகையில், கட்டியின் அணுக்களில் பாதியேனும் பழுப்பேறியிருந்தால், இச்சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தொன்றை மட்டுமே கொண்டு சிகிச்சையைத் தொடங்க வைத்தியர்கள் துணிகிறார்கள். நிறமே தோன்றாத நோயாளிகளிலும் சிலர் அம்மருந்தால் நலம் பெறுவதுண்டு; ஆதலால், நிறம் இல்லையென்ற காரணத்தால் மட்டும் வைத்தியர்கள் அவர்களைக் கைவிடுவதில்லை.