நாய்களின் இதயப்புழு நோய்

இதயப்புழு நோய் என்பது டைரோபைலேரியா இம்மிட்டிஸ் என்னும் உருளைப்புழுவால் நாய்களுக்கு உண்டாகும் நோயாகும். இது நாயிடமிருந்து நாய்க்கு நேரடியாகத் தொற்றாது; இடையில் கொசு வேண்டும். நோயுற்ற நாயின் இரத்தத்தோடு கொசுவின் உடலுக்குள் செல்லும் நுண்புழுக்கள், வெப்பமான காலத்தில் சுமார் இரண்டு வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. ஏறக்குறைய 14 பாகை செல்சியசுக்குக் கீழ் அவ்வளர்ச்சி நின்றுவிடும். அக்கொசு வேறொரு நாயைக் கடித்தால், ஆறேழு மாதங்களில் அந்நாயின் நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் புழுக்கள் முதிர்ந்துவிடும். பெண்புழு 30 செ.மீ. வரை நீளும்.

கொசு பொதுவாக நெடுந்தூரம் பறப்பதில்லை. நோயைத் தொலைவுக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் நாயின் பயணமே. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் வளைகுடாக் கரையோரம் மீட்கப்பட்ட நாய்கள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன; அவற்றுள் பல இப்புழுவைச் சுமந்து சென்றன. தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாது. இருமல், களைப்பு, உடல் மெலிதல் எல்லாம் பின்னரே வரும். இரத்தப் பரிசோதனையும் புழு முதிரும் வரை காட்டிக்கொடுக்காது. ஆகவே புதிதாக வந்த நாயை ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

முதிர்ந்த புழுக்களைக் கொல்ல மெலார்சோமின் என்ற ஆர்சனிக் மருந்து ஊசியாகப் போடப்படுகிறது. இறந்த புழுக்களின் துண்டுகள் நுரையீரல் நாளங்களை அடைக்கக்கூடும் என்பதால், சிகிச்சைக் காலத்தில் நாயை ஓடவிடக் கூடாது. துள்ளும் நாயை வாரக்கணக்கில் கட்டிவைப்பது எளிதன்று. ஐவர்மெக்டின் போன்ற தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மாதந்தோறும் கொடுத்தால், இளம்புழுக்கள் இதயத்தை எட்டுமுன்பே அழிந்துவிடும்.